புரோக்கர் முன்னால் தமிழ் கிடையாது

புனேயில் வீடு பார்க்கப் போனால் எந்தப் புரோக்கரும் முதலில் வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. "சார் எங்கே, மேடம்?" என்றுதான் ஆரம்பிப்பான். நான் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருப்பேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான், சார் எங்கேயோ டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்கிற மாதிரி. ஆரம்பத்தில் "சார் இல்லை" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அலுத்துப்போய்விட்டது. "நான்தான் சார். வீட்டைக் காட்டு" என்பேன்.

இந்தச் சந்திப்பெல்லாம் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க் வாசலில்தான் நடக்கும். முகவரியைக் கேட்டால் தரமாட்டார்கள். "பங்க் வரைக்கும் வந்து போன் பண்ணுங்க" என்பார்கள். முகவரி தெரிந்தால் நாம் நேராக வீட்டுக்காரரிடம் போய்ப் பேசி முடித்துவிடுவோமாம். அவர்கள் பைக் முன்னால் போக, நான் பின்னாலேயே போகவேண்டும். அந்த ஆறேழு மாதத்தில் வானவடி வட்டாரத்தில் நான் தொடராத பைக் கிடையாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒரு கட்டத்தில் வீட்டில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். மத்திய அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்தவள். அன்றிலிருந்து வாடகை வீடுதான். இந்த ஊரில் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். பதினொரு மாதம் முடிந்தால் மறுபடி எழுதவேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டும். திரைச்சீலை ஒரு வீட்டு ஜன்னலுக்கு அளவாக இருந்தால் அடுத்த வீட்டு ஜன்னலுக்குக் குட்டையாக இருக்கும். ஆணி அடிக்கக் கூடாது, கருவாடு வறுக்கக் கூடாது, ஆண் விருந்தாளி வரக் கூடாது. கடைசி வீட்டுக்காரர், "பையனுக்குக் கல்யாணம், ஒப்பந்தம் முடிஞ்சதும் காலி பண்ணிடுங்க" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒரு முடிவு எடுத்தேன். இனி எவன் வீட்டுச் சாவியையும் நான் வாங்கமாட்டேன். என்னைக் காலி பண்ணு என்று ஒரு மனுஷன் சொல்ல முடியாத இடம் வேண்டும். ஒரு அறை போதும், ஆனால் அது என்னுடையதாக இருக்கவேண்டும்.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "ஏட்டி, ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு வீடு? ரிட்டையர் ஆனா இங்கதான வரப் போற? மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு" என்றான்.

"அதுல நெல்லு மூட்ட அடுக்கி வச்சிருக்குன்னு மதினி சொன்னாவளே" என்றேன்.

"அதெல்லாம் எடுத்துரலாம்" என்றான். சொல்லும்போதே குரல் இழுத்தது. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மூட்டையை எடுத்துவிட்டு என்னை வைப்பதற்கு மூட்டையே மேல் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

முதலில் புதுக் கட்டடங்களைப் பார்த்தேன். ஆகுர்டிப் பக்கம் ஒரு இடத்தில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு இளைஞன், மாதிரிக்கென்று அலங்கரித்து வைத்த வீட்டைச் சுற்றிக் காட்டினான். மேஜையில் நாலு தட்டு, நாலு டம்ளர், பிளாஸ்டிக் ஆப்பிள். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு பல்துலக்கிகள், ஒன்று நீலம், ஒன்று ரோஸ். சுவரில் ஒரு குடும்பப் படம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் பளிச்சென்று பல். "இது குழந்தைகள் அறை மேடம்" என்று கதவைத் திறந்தான். உள்ளே கப்பல் படம் போட்ட சின்னக் கட்டில். "இதில் நான் அரிசி மூட்டை வைப்பேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை, வேகமாக அடுத்த அறைக்குப் போய்விட்டான். திரும்பி வரும்போது சிக்னலில் நின்றுகொண்டு காரணமே இல்லாமல் அந்தப் பல்துலக்கிகளை நினைத்தேன். பின்னால் ஹாரன் அடித்தபிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அதற்கப்புறம்தான் பழைய குடியிருப்புகளில் பழைய வீடாகப் பார்க்கலாம் என்று இறங்கினேன். அப்படிக் கிடைத்தவர்தான் நான் சொல்லவந்த புரோக்கர். மராத்திக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். இவரும் முதல் நாள் "சார் எங்கே?" என்றார். "நான்தான் சார்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தவர், "அப்ப நல்லது தாயி. முடிவெடுக்க ரெண்டு பேர் இருந்தா வீடு அமையாது" என்றார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையை அப்படிக் கூப்பிடுவார்கள். எப்படி எடுத்துக்கொண்டாலும் கேட்கச் சுகமாக இருந்தது. நான் அவரை பாவு என்று கூப்பிட ஆரம்பித்தேன், அண்ணன் என்று அர்த்தம்.

அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. வீடு பிடித்திருந்தால் பிடித்த மாதிரி காட்டக் கூடாது. வீட்டுக்காரரிடம் விலை பேசக் கூடாது. போன் நம்பர் கேட்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. "நீங்க வீட்டைப் பாருங்க. வாயை நான் பாத்துக்கறேன்" என்பார்.

தினமும் சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் அவர் போன் வரும். "தாயி, வீடு வந்து சேந்தாச்சா? ஒரு வீடு இருக்கு, மூணாவது மாடி, ஆனா லிஃப்ட் இல்ல." பாதி நாள் அந்த வீடு எனக்கு ஆகாது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் கூப்பிடுவார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் போனுக்காக நான் காத்திருப்பேன். வீடு வந்து சேர்ந்தாயா என்று என்னைக் கேட்க இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்? கமிஷனுக்காகக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனை எடுப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டியதுதான் அந்த வீடு. ராணுவக் குடியிருப்பின் மதிலை ஒட்டிய பழைய கட்டடம், இரண்டாவது மாடி. இரண்டே அறை. பின் பால்கனியில் நின்றால் மதிலுக்கு அந்தப் பக்கம் வரிசையாக வேப்பமரம். பார்த்த உடனேயே இதுதான் என்று தோன்றிவிட்டது. பாவுவின் சட்டப்படி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. அதுவரை எல்லாம் இந்தியிலேயே நடந்தது. பால்கனிக் கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. அவர் அதை ஒரு குத்துக் குத்தி, "எளவெடுத்த தாப்பாளு, எப்பப் பாரு இதே ரோதனை" என்றார்.

"நீங்க தமிழா?" என்றேன். யோசித்துக் கேட்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

"அட! நீங்க எந்தூருங்க?"

"தூத்துக்குடி."

"நான் பொள்ளாச்சிப் பக்கமுங்க! உக்காருங்க, உக்காருங்க. எங்கூட்டுக்காரரு மிலிட்டரியில கிளார்க்கா இருந்தாருங்க. அவரு போனதுக்கப்பறம் இந்த ஊட்டுக்குள்ள தமிழ்ல பேசறதுக்கு ஒரு ஆளு இல்லீங்க. தாப்பாளுகிட்டயும் குக்கருகிட்டயும்தான் பேசிக்கிட்டிருக்கறன்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. தோசை மாவு பேசினோம். புனே குளிருக்கு மார்கழி மாதத்தில் மாவு புளிக்காது. இது இந்த ஊர்த் தமிழர்கள் எல்லோருக்கும் உள்ள சொந்தத் துக்கம். நான் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பேன் என்றேன். அந்த அக்கா, "நான் அவரோட மிலிட்டரி ஸ்வெட்டரப் போட்டு உட்ருவனுங்க. அவரு போட்டதவிட மாவு போட்ட நாளுதான் ஜாஸ்தி" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்வெட்டருக்குள் விறைப்பாக நிற்கும் அந்த மாவுச் சட்டியை நினைத்து நினைத்துச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அவரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! விலையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை, சத்தியமாக. நடுவில் பாவு என்று ஒருவர் ஹாலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் மறந்தேபோய்விட்டது.

படி இறங்கும்போது பாவு கேட்டார். "என்ன பேசினீங்க?"

"தோசை மாவைப் பத்தி."

"இவ்வளவு நேரமும் தோசை மாவா? அதுக்கா அப்படிச் சிரிச்சீங்க?"

"மாவுக்கு ஸ்வெட்டர் போடுவாங்களாம் பாவு."

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்தான்.

மறுநாள் சாயங்காலம் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நானே கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. அந்த வீடு வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் போன் அடிக்காமல் இருப்பதே பெரிய வெறுமையாக இருந்தது. டிவியைப் போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்தார். "அந்த வீடு போயிடுச்சு மேடம். வேற பார்ட்டி டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க." அவ்வளவுதான். தாயி திரும்பவும் மேடமாகியிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று புரோக்கர்களோடு போனேன். இருட்டு வீடுகள், சாக்கடையை ஒட்டிய வீடுகள், "சார் வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்" வீடுகள். இங்கே வாடகை வீட்டுக்காரர் வெள்ளை அடிக்க ஆளைக் கூட்டிவந்து, நான் இருக்கும்போதே சுவரை அளந்துகொண்டிருந்தார். எனக்கோ கண்ணை மூடினால் அந்தப் பால்கனிதான்.

ஒருநாள் காய்கறிச் சந்தையில் கொத்தவரங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சலுக்கு நடுவில், "ஏனுங்க! தூத்துக்குடி! ஏனுங்க தூத்துக்குடி!" என்று ஒரு குரல். என் பேர் அவருக்குத் தெரியாது, ஊர்தான் தெரியும். திரும்பினால் அந்த அக்கா, ஒரு கையில் பை, மறுகையில் முருங்கைக்காய்க் கட்டு.

"ஏங்கண்ணு, ஊடு புடிக்கலீங்களா?"

"புடிக்கலையா? வித்துப்போச்சுன்னுல்ல சொன்னாரு!"

"யாரு வித்தா? அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க, அவங்க அண்ணன் ஒத்துக்கலைன்னு என்றகிட்ட சொன்னானுங்க அந்தாளு. வாரமெல்லாம் மனசே ஆறலீங்க எனக்கு." விஷயம் புரிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் கெடக்கறான் உடுங்க. நாம ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கலாமுங்க. நடுவுல அவனெதுக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கொத்தவரங்காயை அங்கேயே போட்டுவிட்டு நேராக பாவுவின் கடைக்குப் போனேன். ஒரு ஷட்டர், ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் அவர் அலுவலகம். என் இந்தி சாதாரண நேரத்தில் நொண்டும், கோபத்தில் பறக்கும். "பொய் சொல்லிப் பிழைக்கிறதுக்குப் பிச்சை எடுக்கலாம்" என்று கத்தினேன். பக்கத்து டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

அவர் மறுக்கவில்லை. முன்பு ஒரு வீட்டுக்காரரும் வாங்க வந்த பார்ட்டியும் அவர் முன்னாலேயே அவர்கள் பாஷையில் பேசி, அவருக்குத் தெரியாமல் ரகசியமாகப் பத்திரம் முடித்துவிட்டார்களாம். மூன்று மாதம் அலைந்தது வீணாம். "அதுகூடப் போகட்டும் தாயி" என்றார். "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. என் பக்கம் திரும்பி ஒரு தடவை பாத்தீங்க, மறுபடி சிரிச்சீங்க. நான் என்ன, உங்க வேலைக்காரனா? என்ன சிரிப்புன்னு தெரியாம நிக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்கா தெரியாது? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேஜையில் ஏழெட்டுப் பேர் மராத்தியில் பேசிச் சிரிப்பார்கள். ஜோக்கின் கடைசி வரி எனக்குப் புரிவதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும். நானும் ஒப்புக்குப் பல்லைக் காட்டிவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோவேன். இத்தனை வருஷமாகத் தின்கிற சோறு அதுதான். அந்த வலியை இந்த மனுஷன் சொல்லிக் கேட்டதும் என் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "உங்களைப் பாத்துச் சிரிக்கல பாவு. ஆனா நீங்க சொன்ன பொய்யில என் வீடு போயிருக்கும்" என்றேன். அவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

வீட்டை முடித்துத் தருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். பத்திரம் பதிவாகிற வரைக்கும் அவர் முன்னால் எல்லோரும் இந்தியில்தான் பேசவேண்டும். அவர் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் சந்திக்கவும் கூடாது. நாலைந்து மாதம் எனக்காக வெயிலில் அலைந்த ஆள். அவர் வயிற்றில் அடித்து வாங்கிய வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

சந்தையில் வாங்கிவைத்த நம்பரில் அக்காவைக் கூப்பிட்டு இதை மட்டும் சொன்னபோது அவர் கொதித்துப்போனார். "இதென்னங்க அக்குரும்பு! என்ற ஊட்டுல உக்காந்துட்டு என்ற பாஷையப் பேசப்படாதா?" அப்புறம் அவரே, "சரி போங்க. ஊட்ட எழுதிக் குடுத்துட்டு ஒரு வாரம் நான் இங்கதான் இருப்பனுங்க. அதுக்கப்பறம்தான் மக ஊட்டுக்கு, மத்தியப் பிரதேசத்துல இந்தோருக்குப் போறேன். அந்த ஒரு வாரம் நீங்க லீவு போட்டுட்டு வந்துருங்க கண்ணு. பேசித் தீத்துரலாம்" என்றார்.

அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மற்ற நாளையெல்லாம் தள்ளினேன். வங்கிக் கடன், வக்கீல், மதிப்பீட்டாளர் என்று இரண்டு மாதம் இழுத்தது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் மூன்று பேரும் அந்த ஹாலில் உட்கார்ந்திருப்போம். அக்கா என்னைப் பார்த்து, "சாய் லேங்கே?" என்று டீ வேண்டுமா எனக் கேட்பார். நான், "நஹி ஜி, ஷுக்ரியா" என்று நன்றி சொல்லி மறுப்பேன். பொள்ளாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் ஷுக்ரியா! சிரிப்பை அடக்க நான் தரையைப் பார்ப்பேன், அவர் மின்விசிறியைப் பார்ப்பார். போகப்போக அந்தச் சிரிப்பும் வராமல் போய்விட்டது. ஜி போட்டுப் பேசிப் பேசி, இரண்டு பேரும் ஏதோ வங்கியில் சந்தித்துக்கொண்டவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

ஒருநாள் அக்காவே போன் பண்ணிவிட்டார். "கண்ணு, சும்மாத்தானுங்க, ரெண்டு வார்த்தை" என்றார். எனக்கு ஆசை நெஞ்சு வரைக்கும் வந்தது. "வேண்டாங்கா. வாக்குக் குடுத்துட்டேன். முடியட்டும், அப்புறம் பேசிப் பேசி உங்க காதைத் தேய்ச்சிருதேன்" என்று வைத்துவிட்டேன். என் பிடிவாதம் அப்படி. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று, கிடைத்த ஒரே சோற்றுப் பொட்டலத்தையும் ஆறப்போட்டவள் நான். ஆனால் சொல்லவேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டே வந்தேன். அம்மா இறந்த அன்று எனக்கு ரயிலில் இடம் கிடைக்காததை யாரிடமும் சொன்னதில்லை. அதை அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். தலைக்குச் சாயம் போடலாமா விடலாமா என்பதுவரை கேட்க வைத்திருந்தேன்.

குடியிருப்புச் சங்கத்தின் சம்மதம் வாங்கப் போனபோது செயலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "தனியாகவா இருப்பீங்க? யார் யார் வந்து போவாங்க?" என்றார். "திருடன் வந்தா உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். பாவு தலையில் கைவைத்துக்கொண்டார். அக்காதான் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி அடக்கிவிட்டு, தன் பஜார் இந்தியில், "இது என் தங்கச்சி. எங்க ஊர்ப் பொண்ணு. நான் பொறுப்பு" என்றார். பொள்ளாச்சி எங்கே, தூத்துக்குடி எங்கே! செயலாளர் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் பதிவான அன்று சாயங்காலமே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் சாவி வாங்கப் போனபோது வாசலில் மத்தியப் பிரதேச எண்ணோடு ஒரு கார் நின்றது. மாடியில் கதவு திறந்திருந்தது, ஹாலில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தன. அக்காவின் மருமகன் சோபா இருந்த இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போனில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான, மரியாதையான ஆள், என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். வேலை விஷயமாக மும்பை வந்தவராம், வந்த காரிலேயே மாமியாரைக் கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்தாராம். மத்தியானத்துக்குள் கிளம்பவேண்டுமாம்.

என் ஒரு வாரம் எங்கே?

பாவு பேடா இனிப்பு டப்பாவோடு வந்திருந்தார். அக்கா சாவியை என் கையில் வைத்தார். பாவு இரண்டு கையையும் தட்டி, "ஆச்சு தாயி! இனிமே உங்க பாஷையில பேசுங்க. எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. நான் கீழே நிக்கறேன்" என்று, அக்காவின் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நல்ல மனுஷன்தான்.

நான் ஆரம்பித்துவிட்டேன். "அக்கா, என்னக்கா இது, இன்னைக்கே போறீய? நான் லீவெல்லாம் போட்டுட்டு வந்திருக்கேன். எவ்வளவு பேச வச்சிருந்தேன் தெரியுமா, எங்க அம்மா செத்தன்னைக்கி..."

"டீக் ஹை, டீக் ஹை" என்றார் அக்கா, சரி சரி என்று இந்தியில். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆயியே, கேஸ் கா வால்வ் திகாதி ஹூன்." கேஸ் வால்வைக் காட்டுகிறாராம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம்கூட வந்தது. இப்போது எதற்கு இந்தி? பாவுதான் போய்விட்டாரே! சமையலறைக்குப் பின்னாலேயே போனேன். அவர் குனிந்து வால்வை ஒரு தடவை திறந்து மூடினார். குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்.

"மாப்ளைக்குத் தமிழ் ஆகாதுங்க கண்ணு. நல்லவருதான், ஒரு குத்தம் சொல்லப்படாது. ஆனா நானும் மகளும் நம்ம பாஷையில ரெண்டு வார்த்தை பேசுனாப் போதும், தன்னையப் பத்தித்தான் பேசறோம்னு மூஞ்சி சுருங்கிப்போயிருமுங்க. மக வேண்டாம்மான்னு சொல்லிட்டா. பேரப்பசங்களுக்கும் வராது. அந்த ஊட்டுல இனி எனக்கு இதுதானுங்க. இன்னைக்கே பழகிக்கிறன், உடுங்க."

சொல்லிவிட்டுக் குழாயை மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹாலுக்குக் கேட்கிற மாதிரி, எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று இந்தியில் விளக்க ஆரம்பித்தார். நான் ஜி, ஜி என்று தலையாட்டினேன்.

அவர்கள் இறங்கிப்போனதும் வெறும் வீட்டில் முன் பால்கனிக்கு ஓடினேன். இனி என்னை யாரும் இங்கிருந்து காலி பண்ணச் சொல்ல முடியாது. அதற்காகத்தானே இவ்வளவு பாடும். ஆனால் அந்த நிமிஷத்தில் அந்தச் சாவியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, போகாதீங்கக்கா, இங்கேயே இருங்க, நான் வாடகைக்கு இருந்துகொள்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. கீழே மருமகன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார். அக்கா ஏறுவதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து, கையை ஆட்டி, "ராத் கோ கானா காகே ஸோனா!" என்று கத்தினார். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு என்கிறார். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை.

கண்டிப்பா சாப்பிடுதேன்க்கா என்று தமிழில்தான் வாய்வரைக்கும் வந்தது. மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஜி!" என்று கத்தினேன். "ஸரூர் காவூங்கி!"